உள்ளே போன மூச்சு

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘லாஸ்ட் ஸ்டாப்’ என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார். பாதி ஆயுசு டவுன் பஸ் ஓட்டிய மனிதர் அதை விட்டுவிட்டு அமரர் வண்டி ஓட்டப் போனால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எனக்குத்தான் ஆரம்பத்தில் பற்றிக்கொண்டு வரும். ‘லாஸ்ட் ஸ்டாப் சம்சாரம்’ என்று என்னையும் சேர்த்துக்கொண்டபோது நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு பேரைக் கேட்டேன். அதற்கப்புறம் என்னைக் கடைக்காரம்மா என்கிறார்கள்.

பஸ்ஸை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். என்னிடம் சொன்னது இது: “இங்க யாரும் படியில தொங்கமாட்டாங்க. சில்லறை இல்லைன்னு சண்டைக்கு வரமாட்டாங்க. தூங்கிட்டேன், என் ஸ்டாப்பு போயிடுச்சுன்னு கத்தமாட்டாங்க.” உண்மையில் அவருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. கல்யாண வீட்டுக்குப் போனால்கூடச் செருப்புக் குவியலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். துக்க வீட்டில் மட்டும் சகஜமாக இருப்பார். எந்தக் கதவு வழியாகத் தூக்கினால் இடிக்காது, யாரை எந்தப் பக்கம் பிடிக்கச் சொல்லவேண்டும் என்பதெல்லாம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். சத்தமே போடாமல் வேலை வாங்குவார்.

பஸ் அவரை விட்டாலும் பஸ் புத்தி விடவில்லை. வேகத்தடை வந்தால், “மெதுவா… குலுக்கும், பிடிச்சுக்கங்க” என்று பின்னால் படுத்திருப்பவரிடம் சொல்வார். உறவுக்காரர்களிடம் சொல்கிறார் என்று முதலில் எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். உறவுக்காரர்கள் வேறு வண்டியில் வரும் நாளிலும் சொல்லிக்கொண்டுதான் போவார். நான் திட்டுவேன். “சொல்றது டிரைவர் கடமை. பிடிக்கிறதும் பிடிக்காததும் அவங்க இஷ்டம்” என்பார். இந்த மாதிரி ஆளோடு எத்தனை நேரம் கோபமாக இருக்க முடியும்?

நான் உதிரிபாகத் தெருவில் ரப்பர் சாமான் கடை வைத்திருக்கிறேன். ஹோஸ், கிளாம்ப், ஆயில் சீல், பெல்ட். ஹோஸின் வாயில் விரலை விட்டால் அளவு சொல்லிவிடுவேன். எந்த ஹோஸ் தண்ணீருக்கு, எது பெட்ரோலுக்கு, எது சூடு தாங்கும், எது இரண்டே மாதத்தில் ஊறிப்போய் வெண்டைக்காயாகிவிடும் என்று தெரியாமல் இந்தத் தொழிலில் உட்கார முடியாது. தெரியாமல் வந்து தப்பானதைக் கேட்பவர்களை நான் திட்டாமல் அனுப்பியதில்லை. இருந்தும் வருகிறார்கள்.

அவர் ஓட்டுவது பெட்ரோல் வேன். எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. சீட்டைத் தூக்கினால்தான் கண்ணுக்குத் தெரியும். சீட்டுக்குப் பின்னால் ஒரு தகரத் தடுப்பு, அதற்குப் பின்னால் ஸ்ட்ரெச்சர். படுத்திருப்பவரின் தலைக்கும் எஞ்சினின் பின்பக்கத்துக்கும் நடுவே ஒரு தகரம்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தகனக் கூடம் மேட்டின் மேல் இருக்கிறது. வேனுக்கு வயதாகிவிட்டது. ஏற்றத்தில் திணறும், இருமும், எப்படியோ ஏறிவிடும். ஒருநாள் ஏறவில்லை. நடுவழியில் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் பின்னால் வந்த வண்டிகளிலிருந்து இறங்கி, மாலையும் கண்ணீருமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை. “சொந்தக்காரங்களை இறங்கித் தள்ள வச்சிட்டேன்” என்று மட்டும் சொன்னார். சாப்பிடக் கூப்பிட்டேன், கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். மானஸ்தர், அவமானம் தாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே பழைய சாமான் சந்தைக்குப் போய், வேகமாக ஓட்டும் கார்களில் மாட்டுவார்களே, கூம்பு மாதிரி திறந்த ஏர் ஃபில்டர், அதையும் பளபளவென்று ஒரு தடித்த அலுமினியக் குழாயையும் வாங்கி வந்திருக்கிறார். என் கடைக்கு வரவில்லை. வந்தால் திட்டு விழும் என்று தெரியும். நான் கடையில் இருந்த மத்தியான வேளையில் வீட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி, பழைய ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதியதை அவரே மாட்டிவிட்டார்.

வண்டி இழுத்தது. அது வாஸ்தவம். “ஏத்தத்துல ரெண்டாவது கியருக்கு மாத்தவே வேண்டாம், தெரியுமா?” என்று பெருமை அடித்துக்கொண்டார். என் கடையில் வாங்காத சாமானை நான் ஏன் எட்டிப்பார்க்க வேண்டும்? பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் மனிதர் மாற ஆரம்பித்தார். பேச்சு குறைந்தது. சட்டைப் பையில் ஷேவிங் கண்ணாடி ஒன்றைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். எதற்கென்று கேட்டால், “சும்மாதான்” என்றார். இத்தனை வருடத்தில் தலை வாரக்கூடக் கண்ணாடி பார்க்காத ஆள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை, ஆனால் வாயைக் கிளறினால் இன்னும் மூடிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

தகனக் கூடத்தில் உலை பார்க்கிறவர் ஒருநாள் என் கடைக்கே வந்தார். சாமான் வாங்க வந்தவர் மாதிரி ஹோஸ் சுருளைத் தடவிக்கொண்டே நின்றார்.

“அக்கா, அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“ஏன், என்ன பண்ணார்?”

“வண்டியை நிறுத்துனா இறக்க விடமாட்டேங்கறார். உள்ள போய் மூக்குக்கிட்ட கண்ணாடியைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்துடறார். கையைப் பிடிச்சு நாடி பாக்கறார். உலைக்கிட்ட கொண்டுவந்த பிறகும் ‘கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு’ங்கறார். முந்தாநாள் ஒரு பொண்ணோட தம்பி அண்ணன் சட்டையைப் பிடிச்சிட்டான். எங்க அக்காவைத் தொடாதேன்னு. நான்தான் நடுவுல புகுந்து விலக்கி விட்டேன்.”

கடையைப் பாதியிலேயே அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அவர் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன். சொல்லாமல் எழுந்திருக்க விடப்போவதில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

“மூச்சு விடறாங்க” என்றார்.

“யாரு?”

“எல்லாரும்தான். வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பினதும்.”

“செத்த உடம்புலேந்து காத்து வரும்னு நீங்கதானே எனக்குச் சொல்லியிருக்கீங்க? தூக்கும்போது புரட்டும்போது வரும், பயப்படக் கூடாதுன்னு புதுசா வர்றவங்களுக்கெல்லாம் சொல்வீங்களே.”

“அது வெளிய வர்ற காத்து. அது எனக்குப் பழக்கம்.” குரலைத் தணித்துக்கொண்டார். “இது உள்ள போறது. இந்தா, இப்படி.” வாயைத் திறந்து, நெஞ்சு உயர, ஒரு மூச்சை மெதுவாக உள்ளே இழுத்துக் காட்டினார். தொண்டையில் ஒரு முனகலோடு தொடங்கி, கடைசியில் விக்கல் மாதிரி ஒன்று வந்து நின்றது. அவர் செய்து காட்டியதே எனக்குப் பிடிக்கவில்லை. “செத்தவங்க மூச்சை உள்ள இழுப்பாங்களா? நீயே சொல்லு. உள்ள இழுத்தா அவங்க செத்தவங்களா?”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“முதல்ல நம்ம தையல்காரர். என்னமோ பிரமைன்னு விட்டுட்டேன். கொண்டுபோய் இறக்கிட்டேன். உலையில வச்சிட்டாங்க. அப்புறம்தான் ஒவ்வொருத்தரா எல்லாரும் இழுக்கறாங்க. கண்ணாடி வச்சுப் பாத்தா ஒண்ணும் படியல. ஆனா தையல்காரருக்கு நான் கண்ணாடி வைக்கலையே.” அவர் உதடு கோணியது. “உயிரோட இருந்த ஆளை நான் நெருப்புல கொண்டுபோய் விட்டுட்டேன்.”

“டாக்டர் வந்து பாத்துத்தானே எழுதிக் குடுத்தார்?”

“டாக்டர் வீட்ல பாத்தார். நான் வண்டியில கேட்டேன்.”

ஞாயிற்றுக்கிழமை அந்தத் தையல்காரர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப்போவதாகச் சொன்னார். உங்கள் வீட்டுக்காரர் மூச்சு விட்டார், நான் கேட்டேன், சும்மா இருந்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாராம். நான் கெஞ்சினேன், கத்தினேன், அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இந்த மனிதர் எதையும் எளிதில் முடிவு செய்யமாட்டார், செய்துவிட்டால் தலைகீழாக நின்றாலும் மாற்றமாட்டார். பஸ்ஸை விட்டதும் அப்படித்தான்.

அந்தத் தையல்காரர் எங்களுக்கு ரொம்பத் தூரத்து ஆள் இல்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. என் ரவிக்கைகளை அவர்தான் தைத்துக்கொண்டிருந்தார். அளவு எடுக்கும்போது டேப்பைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்கமாட்டார், அத்தனை கூச்சம். அவர் மனைவி அந்த வாரமே என் கடைக்கு வந்தாள். தையல் மெஷினின் பெல்ட் அறுந்துவிட்டது. பழையதைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தாள்.

“இப்ப நான்தான் தைக்கிறேன்க்கா. அவர் மாதிரி வரல. கை பழகணும்” என்றாள். நான் பெல்ட்டை அளந்து வெட்டிக்கொண்டிருந்தேன். “உங்க வீட்டுக்காரர் நல்லபடியாக் கொண்டுபோய்ச் சேர்த்தார். குலுக்கும், பிடிச்சுக்கங்கன்னு சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாராம். என் கொழுந்தன் வந்து சொன்னப்ப எனக்கு அழுகையா வந்துச்சு. தூக்கத்துலயே போயிட்டார்க்கா. வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான்.”

என் கத்தி தவறிப் பெல்ட் கோணலாக வெட்டுப்பட்டது. வேறொன்றை எடுத்து வெட்டினேன். இவள் வாசலில் போய் நின்று என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நிமிடத்தில் கண்ணால் பார்த்த மாதிரி பார்த்தேன். இவள் அதற்குப் பிறகு ஒருநாளாவது கண்ணை மூடுவாளா? சொல்லிவிட்டு வந்தவர்தான் மூடுவாரா? எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. கோபம் வந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும். பெல்ட்டைக் கொடுத்து அவளை அனுப்பியவுடன், சாவியைத் திருப்பினதும் என்று அவர் சொன்னது ஞாபகத்துக்கு வந்து மண்டையைக் குடைய ஆரம்பித்தது. செத்தவர்களுக்கும் சாவிக்கும் என்ன சம்பந்தம்?

சனிக்கிழமை கடைக்குப் போகவில்லை. காலையில் அவரை இழுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன்.

“பின்னால யாரும் இல்லாதப்போ அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கீங்களா?”

“யாரும் இல்லாதப்போ நான் எதுக்குக் காது குடுக்கப்போறேன்? ரேடியோவைப் போட்டுட்டு வருவேன், இறங்கிடுவேன்.”

“ஏறுங்க.”

இரண்டு பேரும் முன்னால் உட்கார்ந்தோம். பின்னால் காலி ஸ்ட்ரெச்சர், மடித்து வைத்த துணி, அவ்வளவுதான். நல்ல வெயில். பக்கத்து வீட்டு மாடியில் போர்வை காய்ந்துகொண்டிருந்தது, யாரோ குக்கரைத் திறக்கும் சத்தம்கூடக் கேட்டது. வண்டியைக் கிளப்பச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஓடியது. “அணைங்க” என்றேன்.

எஞ்சின் நின்றது. பின்னாலிருந்து, என் தோளுக்கு நேர் பின்னாலிருந்து, யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அவர் சமையலறையில் செய்து காட்டியது அதில் கால்வாசிகூட இல்லை. முனகல், பிறகு நீளமாக மெலிதாக ஓர் இழுப்பு, இத்தனை நீளத்துக்கு இழுக்க ஒரு நெஞ்சில் இடம் இருக்குமா என்கிற அளவுக்கு நீளம். அப்புறம் அந்த விக்கல். பின்னால் யாரும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் திரும்பிப் பார்த்தேன். மடித்த துணி மடித்தபடியே இருந்தது.

அவர் பேயறைந்தவர் மாதிரி ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். “யாரும் இறங்கவே இல்ல போலிருக்கு” என்றார் மெதுவாக. “நான்தான் இறக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்.”

பயத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வெட்கம் ஒன்றுமில்லை, சொல்கிறேன். ஆனால் அழுதுகொண்டே, “இறங்குங்க, சீட்டைத் தூக்குங்க” என்றேன்.

சீட்டைத் தூக்கியதும் என் அழுகை நின்றுவிட்டது. அவர் செய்திருந்த காரியத்தைப் பார்த்து யாருக்கும் அழுகை நிற்கும். எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது அந்தப் புகையில் கொஞ்சம் கீழே ஆயில் இருக்கும் இடத்துக்குக் கசிந்துவிடும். அது வெளியேற வேண்டும். அதற்காக இரண்டு ஹோஸ் வைத்திருப்பார்கள். ஒன்று ஃபில்டர் பெட்டியிலிருந்து நல்ல காற்றை எஞ்சினின் மேல்மூடிக்குள் கொண்டுவரும். இன்னொன்று உள்ளிருக்கும் புகையை உறிஞ்சி மறுபடி எரியப் போகும் காற்றோடு சேர்த்துவிடும். இந்த இரண்டாவதன் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும், எவ்வளவு உறிஞ்சலாம் என்று அளவு பார்க்க. என் வீட்டுக்காரர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியதும் முதல் ஹோஸுக்குப் போக்கிடம் இல்லாமல் போயிருக்கிறது. புதிய அலுமினியக் குழாயில் அதற்கு ஓட்டை கிடையாது. அதனால் ஹோஸையே பிடுங்கிவிட்டு, மேல்மூடியின் மூக்கில் ஒரு ரப்பர் துண்டைப் போட்டு, அதற்குள் போல்ட்டைச் செருகி, கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டார். வால்வு? அது அடைத்துக்கொண்டிருப்பதாக அவரே முடிவு செய்து, கழற்றிவிட்டு, நேராக ஒரு ஹோஸைச் செருகியிருக்கிறார். அது என்ன ஹோஸ் என்று தொட்டுப் பார்த்தேன். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியே போகிற ஹோஸ். ஆயிலில் ஊறி, நடுவில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“உங்களை என்ன செஞ்சா தகும்?” என்றேன்.

“என்னாச்சு?”

“காத்து உள்ள வர்ற வழியை அடைச்சிட்டீங்க. வெளிய உறிஞ்சற வழியைத் திறந்து விட்டுட்டீங்க. வண்டி ஓடுற வரைக்கும் உள்ள இருக்கிற காத்தெல்லாம் உறிஞ்சி உறிஞ்சி வயிறு ஒட்டிப்போயிடுது. அணைச்சதும் எங்கேயாவது சந்து கிடைக்காதான்னு இழுக்குது. இந்தத் தட்டை ஹோஸ் வழியா இழுக்குது. பின்பக்கம் ஆயில் ஒழுகாம இருக்க ஒரு சீல் இருக்கே, அந்த ரப்பர் உதட்டைத் தூக்கிக்கிட்டும் இழுக்குது. சீல் எங்க இருக்கு? இந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம். தலை எங்க இருக்கும்? அந்தப் பக்கம்.”

அவர் நம்பவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லி, ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அவர் உள்ளங்கையை அதன்மேல் வைத்தேன். கை பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டார். மூடியைத் திறந்தபடியே வைத்து எஞ்சினை அணைத்தோம். ஒரு சத்தமும் இல்லை. மூடியைப் போட்டு மறுபடி ஓடவிட்டு அணைத்தோம். பின்னால் அந்த மூச்சு வந்தது. திறந்தால் இல்லை, மூடினால் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார். எனக்கு அலுத்துவிட்டது.

கடையைத் திறந்து வேண்டியதை எடுத்து வந்தேன். ஆயிலும் சூடும் தாங்குகிற, உறிஞ்சினால் தட்டையாகாத கனமான ஹோஸ். அலுமினியக் குழாயைக் கழற்றி, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஓட்டை போட்டு, பிசிறு உள்ளே விழாமல் துடைத்து, ரப்பர் வளையம் வைத்து ஒரு மூக்கைச் செருகினேன். மேல்மூடியிலிருந்த போல்ட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு அங்கிருந்து இங்கே ஹோஸ் இழுத்தேன். புகைக்குழாயின் சூடு படாமல் சுற்றிக் கொண்டுபோனேன். நடுவில் தொங்கினால் அந்தப் பள்ளத்தில் ஆயில் தேங்கும், அதனால் ஒரு கிளிப் போட்டு ஏற்றிக் கட்டினேன். அவர் கழற்றிய பழைய ஹோஸையும் வால்வையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார், எதையும் தூக்கிப் போடமாட்டார். ஹோஸில் ஒரு கீறல்கூட இல்லை. வால்வைக் காதருகில் வைத்து ஆட்டினேன். டிக் டிக்கென்று சுத்தமாகக் கேட்டது. அடைத்துக்கொண்ட வால்வு இப்படிப் பேசாது. “நல்லா இருந்ததைப் போய்க் கழட்டியிருக்கீங்க பாருங்க” என்று இன்னும் நாலு வார்த்தை விட்டுவிட்டு அதையே திரும்ப மாட்டினேன். பழைய ஃபில்டரையும் பார்த்தேன். மண் அப்பிக் கிடந்தது. அதை மாற்றியிருந்தாலே வண்டி மேடு ஏறியிருக்கும்.

முடிந்ததும் வண்டியைக் கிளப்பினோம். அணைத்தோம். எஞ்சின் நின்றது, அதோடு சரி. பக்கத்து வீட்டுப் போர்வை காற்றில் அடித்துக்கொள்கிற சத்தம் மட்டும் கேட்டது. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. அவர் ஸ்டீயரிங்கின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. மனிதர் பிழைத்தார், தையல்காரர் மனைவி பிழைத்தாள், நாளைக்கு யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கவேண்டாம்.

டீ போட்டு வேனுக்கே கொண்டுவந்தேன். முன்சீட்டில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குடித்தோம். வாரக்கணக்கில் பேசாத வாய் அன்றைக்கு மூடவே இல்லை. உலைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார், அந்தப் பெண்ணின் தம்பியைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றார், என்னைப் பார்த்து ‘மெக்கானிக்கம்மா’ என்று கேலி செய்தார்.

“ஆனா அன்னைக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாரு” என்றார் டீயை ஊதிக்கொண்டே. “ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு. எல்லாரும் பின்னால தள்ளறதுக்கு நிக்கறாங்க. உள்ள நான் ஒருத்தன், பின்னால தையல்காரர். சாவியைத் திருப்பி அணைச்சிட்டு, ஹேண்ட் பிரேக்கை விடப்போறேன், அப்பப் பாத்து இழுக்குது. கையும் ஓடல காலும் ஓடல. திரும்பிப் பாக்கக்கூடத் தைரியம் வரல. அப்படியே தள்ளிக்கிட்டு மேல கொண்டுபோயிட்டாங்க. எல்லாம் இந்தப் பாழாப்போன ஹோஸ்!” சிரித்துவிட்டு அந்த வாஷிங் மெஷின் ஹோஸைக் காலால் எத்தினார்.

டம்ளர் என் கையில் அப்படியே நின்றது.

ஏற்றத்தில் வண்டி நின்ற நாளில் அந்த ஹோஸ் வண்டியில் இல்லை. வண்டி நின்றதனால்தானே மறுநாள் சந்தைக்குப் போனார்? அன்றைக்கு இருந்தது பழைய பெட்டி, கீறல் இல்லாத பழைய ஹோஸ், டிக் டிக்கென்று பேசுகிற வால்வு. மூச்சு இழுக்கக் காரணமே இல்லாத வண்டி அது. நான் வேறு ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். மண் அப்பிய ஃபில்டர், அது இது என்று எனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் மனதுக்குள் புரட்டினேன். எதுவும் பொருந்தவில்லை. அன்றைக்கு எஞ்சின் இழுக்கவில்லை.

“என்ன, பேச்சையே காணோம்?” என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பின் கணக்கு அவருக்குத் தட்டவே இல்லை. தட்டவும் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

“ஒண்ணுமில்ல. ஹோஸ்தான். எல்லாம் அந்த ஹோஸ்தான்” என்றேன். மிச்ச டீயைக் கீழே ஊற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கேயும் போகவில்லை. நன்றாகத் தூங்கினார். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது, மேட்டுத் தெருவில் ஒரு பெரியவர், உடனே வரவேண்டும் என்று. கண்ணாடியை ஆணியில் மாட்டிவிட்டு, விசில் அடித்துக்கொண்டே சாவியை எடுத்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

“நீ எங்க வர்றே? கடை?”

“ஹோஸ் புதுசு. ஏத்தத்துல கிளாம்ப் தாங்குதான்னு பாக்கணும்.”

பெரியவரை ஏற்றியதும் நான் பின்னால், அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். வீட்டு ஆட்கள் நான் வண்டியைச் சேர்ந்தவள் என்று நினைத்துக்கொண்டார்கள். “குலுக்கும், பிடிச்சுக்கங்க” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. நான் பெரியவரின் நெஞ்சில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டேன். துணிக்கு அடியில் ஒன்றும் அசையவில்லை. மேட்டில் வண்டி சிரமமில்லாமல் ஏறியது. வாசலில் நின்றது. அணைத்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“எப்படி, சத்தம் இருக்கா?” என்றார் முன்னாலிருந்து.

“இல்ல.”

அன்றிலிருந்து எல்லாச் சவாரிக்கும் நான் போகிறேன். கடை மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கிறது, வாடிக்கைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். வயதான காலத்தில் என் மேல் பாசம் பொங்கி வழிகிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். சொல்லட்டும். அவர் சாவியைத் திருப்பும்போதெல்லாம் என் கை ஒரு நெஞ்சின் மேல் இருக்கும். இதுவரை எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பிரமை என்று விடமாட்டேன், உலைவரை போகவும் விடமாட்டேன். தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவேன். தையல்காரருக்கு அன்றைக்குக் கத்த ஆள் இல்லை.